கரைக்கு வா

செப்டம்பர் 11

இந்த இடத்தில் யாரும் பேசக் கூடாதாம். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயைக் கட்டிவிடலாம், உள்ளே ஓடுவதை யார் கட்டுவது? என் வீட்டுக்காரர் ஆமோஸ் ஏதோ கல்யாணக் கச்சேரியில் கீபோர்டு வாசிக்கப் போனபோது அங்கே கொடுத்த டைரி பெட்டியின் அடியில் கிடந்தது. நல்லவேளை, பழைய பேப்பரோடு போடவில்லை.

ஊர் பெயர் நெடுங்கரை. செங்கல்பட்டைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு வெகுதூரம் உள்ளே வர வேண்டும். ஏரிக்கரையில் மூடிப்போன ரைஸ் மில் ஒன்று. நெல் காயவைக்கிற களம் சரிந்து நேராகத் தண்ணீரில் போய் முடிகிறது. இதுதான் மேடை. இயக்குநர் மகிழ்நன் ஜெர்மனியில் படித்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். இதை 'ஆப்பரா' என்கிறார். நோட்டீஸில் 'இசைநாடகம்' என்று போட்டிருக்கிறார்கள். கதை பெரிதாக ஒன்றுமில்லை. மனிதர்கள் பறவைகளை விரட்டுகிறார்கள், கொல்கிறார்கள். கடைசியில் ஒரு பெண் கரையில் நின்று பறவைகளிடம் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறாள். பறவைகள் தண்ணீரிலிருந்து ஏறி அவளிடம் வருகின்றன. முடிந்தது.

பறவை வேஷத்துக்கு ஆள் கிடையாது. நிஜ வாத்துகள். அவை ஒரே ஒரு மனிதக் குரலைத்தான் நம்ப வேண்டும், அதுவும் முட்டைக்குள் இருக்கும்போதே கேட்டு வளர வேண்டும் என்பது மகிழ்நனின் ஏற்பாடு. அந்தக் குரல் நான். அதனால் மற்ற எல்லாருக்கும் மில்லுக்குள் வாய்ப்பூட்டு. நான் பாடலாம். பேச வேண்டுமென்றால் ரோட்டுக்குப் போக வேண்டும்.

என்னை ஏன் பிடித்தார் என்று கேட்டேன். என் குரலில் யாருடைய சாயலும் இல்லையாம். இருபது வருஷமாக ட்ராக் பாடுகிறவளிடம் வேறு என்ன இருக்கும்? சினிமாப் பாட்டை முதலில் எங்களைப் பாடவைத்துப் பதிந்துகொள்வார்கள். பிறகு பெயர் பெற்ற பாடகி வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். எங்கள் குரலை அழித்துவிடுவார்கள். மெட்டு சுத்தமாக இருக்க வேண்டும், சொல் தெளிவாக இருக்க வேண்டும், உணர்ச்சியை அந்த அம்மா வந்து போட்டுக்கொள்வார். கதாநாயகிக்குக் கல்யாணமா, அவள் அப்பா செத்துவிட்டாரா என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம்.

இன்றைக்கு அடைகாக்கும் பெட்டிக்குள் இருக்கிற நாற்பது முட்டைகளுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடினேன். பாட்டு இதுதான்:

கரைக்கு வா, கரைக்கு வா,
என் கையில் ஒன்றுமில்லை.
உன்னைக் கொன்ற கூட்டம் நான்,
இனி உன்னைக் கொல்வதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மாமியார் வீட்டில் வாத்துக்கறி தின்கிறவள் வாயில் இந்த வரி. பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

செப்டம்பர் 14

காலை, மதியம், சாயங்காலம் முட்டைக்குப் பாட்டு. நடுவில் கஞ்சி, தூக்கம், கொசு.

பக்கத்து வீட்டு எல்லம்மாக்கா பெருக்கவும் கஞ்சி வைக்கவும் வருகிறாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் வாயில் வருகிறது. முப்பது கோழி வளர்க்கிறாள். அவளையும் வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்கள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டுவரை ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அங்கே நின்று இருவரும் சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்தோம்.

செப்டம்பர் 18

மதியப் பாட்டின்போது ஒரு முட்டைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. பாட்டை நிறுத்தினால் நின்றது. பாடினால் மறுபடி வந்தது. மகிழ்நனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

செப்டம்பர் 19

முப்பத்தொன்று பொரிந்திருக்கின்றன. நனைந்த பஞ்சு மாதிரி இருக்கின்றன. முதலில் வந்தது நேராக என் செருப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. நகரவே முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பாடினேன். இதற்கெல்லாம் பேசிய சம்பளம் போதாது.

பெயர் எதுவும் வைக்கப் போவதில்லை. வேலைக்கு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 28

நான் பாத்ரூம் போனாலும் வாசலில் வரிசையாக நிற்கின்றன. உள்ளேயிருந்து பாடிக்கொண்டே குளிக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் கத்திக் கூப்பாடு போடுகின்றன. ஆமோஸிடம் போனில் சொன்னேன். கல்யாணமான புதிதில் அவரும் அப்படித்தான் நின்றாராம். பொய். அவர் அப்போதும் கீபோர்டு முன்னால்தான் இருந்தார்.

அக்டோபர் 9

இன்று எனக்குப் பிடிக்காத ஒரு வேலை நடந்தது.

நாடகத்தில் ஆறு ஆண்கள் 'மனிதக் கூட்டமாக' வந்து பாடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் வாத்துகள் பயந்து ஏரிக்குள் ஓட வேண்டும். அதற்குப் பழக்கம் வேண்டுமே. ஆண்கள் வாயைத் திறக்கிற அதே நொடியில் நாலு பேர் தகரத் தட்டுகளைத் தட்டினார்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவரில் முட்டிக்கொண்டன. பிறகு நான் பாட வேண்டும், அவை என்னிடம் ஓடிவர வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதையே செய்தோம். கடைசியில் தட்டே தேவைப்படவில்லை. ஒருவன் தொண்டையைச் செருமினாலே போதும், சிதறி ஓடின.

ரோட்டுக்குப் போனபோது இது பாவமில்லையா என்று மகிழ்நனிடம் கேட்டேன். மனிதக் குரலுக்குப் பயப்படுவதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு என்றார். "நாளைக்கு நாம இல்லாதப்போ யாரும் பிடிச்சுட்டுப் போக முடியாது சீலிக்கா. உங்க குரலைத் தவிர எதுவும் அதுங்களைக் கரைக்குக் கொண்டுவராது." நியாயமாகத்தான் பட்டது. படித்தவர்.

அக்டோபர் 10

ஒன்று நொண்டுகிறது. நேற்றுச் சுவரில் முட்டியதுதான். வாலில் மண் நிறம் உள்ளது. மடியில் வைத்து மஞ்சள் பற்று போட்டேன். வேறு யாரும் தொட முடியாதே, அதனால் நான் செய்ய வேண்டியதாயிற்று.

அக்டோபர் 23

மழை. முதல்முறை ஏரியில் விட்டோம். திரும்பி வருமா என்று எல்லாருக்கும் பயம். தூரத்தில் புள்ளி புள்ளியாகப் போய், கோரைப்புல்லுக்குள் மறைந்துவிட்டன. களத்தின் ஓரத்தில் நின்று பாடினேன். முதல் வரி முடிவதற்குள் தண்ணீரில் ஒரு கோடு தெரிந்தது. வரிசையாக வந்து, வரிசையாகக் கரையேறி, என் பின்னாலேயே மில்லுக்குள் வந்தன.

ஸ்டுடியோவில் நான் பாடிவிட்டு வெளியே வந்தால் டீ கொடுப்பார்கள். அதைத் தவிர என் பாட்டால் உலகத்தில் எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

நவம்பர் 6

ஆமோஸ் வந்தார். ரோட்டிலேயே நிறுத்தி, உள்ளே பேசக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். சரி சரி என்றவர், வாத்துகளைப் பார்த்ததும் "ஏயப்பா" என்றார். அவ்வளவுதான், முப்பத்தொன்றும் ஏரிக்குள் பாய்ந்துவிட்டன. மனிதர் திருதிருவென்று விழித்தார்.

பிறகு கரைமேல் நடந்தோம். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதையும், மாடி வீட்டுக்காரர் தண்ணீர்ச் சண்டையையும் சொன்னார். எப்போது வருவாய் என்று கேட்டார். ஜனவரியில் என்றேன். நடுவில் ஒரு ஞாயிறாவது வரலாமே, கோயிலில் பாட ஆளில்லை என்றார். வாத்துகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், அதைக் கொடுத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தார்.

நவம்பர் 22

புயல் மழை. கரண்ட் இல்லை. எல்லாம் என் அறைக்குள். நாற்றம் தாங்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

டிசம்பர் 3

ஸ்டுடியோவிலிருந்து போன். பெரிய படம், ஐந்து பாட்டு, நாலு நாள் வந்தால் போதும் என்றார்கள். மழையில் ரோடு சரியில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். மழை நின்று பத்து நாளாகிறது.

டிசம்பர் 25

வீட்டுக்குப் போயிருந்தேன், காலை ஆராதனை முடிந்து சாப்பாடு. மாமியார் இலையில் குழம்பை ஊற்ற வந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லி ரசம் விட்டுச் சாப்பிட்டேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 9

முதல் காட்சி.

வாசலில் வைத்த போர்டில் 'குரல்: ஜெபசீலி' என்று எழுதியிருந்தது. ஆமோஸ் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்தபிறகு போனை வாங்கிப் பையில் போட்டுவிட்டார்கள். யாரும் எதையும் பதிவுசெய்யக் கூடாது என்பதில் மகிழ்நன் பிடிவாதம். இந்தப் பாட்டு எந்த இயந்திரத்திலும் இருக்கக் கூடாது, பாடுகிறவளும் கேட்கிறவையும் நேருக்கு நேர் இருக்கும்போது மட்டுமே இருக்க வேண்டுமாம். அழிப்பதற்குப் பதிவே இல்லை என்பது எனக்கும் பிடித்திருந்தது.

சென்னையிலிருந்து நிறைய பேர் வந்திருந்தார்கள். கதர் ஜிப்பா, வெள்ளி வளையல், வெளிநாட்டுக்காரர்கள் சிலர். ஊர்க்காரர்கள் மதில்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆண்கள் பாடியதும் வாத்துகள் இருட்டுத் தண்ணீருக்குள் ஓடிப்போயின. விளக்கை அணைத்தார்கள். நான் கரைக்குப் போய்ப் பாடினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீர்ச் சத்தம், பிறகு வரிசை. நொண்டி கடைசியில் வந்தது. யாரோ விம்முவது கேட்டது. நாலாவது வரியில் என் குரல் இடறிவிட்டது. பனிக்காற்று.

முடிந்ததும் ஒரு ஜெர்மன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கைகளில் இரை வாசம் அடித்திருக்கும், பாவம்.

ஜனவரி 18

ஆறு காட்சிகள் முடிந்தன. ஜெர்மனியில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வாத்துகளை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கே புதிய முட்டைகள் வாங்கி, நான் போய்ப் பாட வேண்டும். என் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மகிழ்நன் கேட்டார். இவை என்ன ஆகும் என்று நான் கேட்டேன். ஏரியிலேயே சுதந்திரமாக வாழும், நோட்டீஸிலேயே போட்டிருக்கிறோமே என்றார்.

வளர்ப்பு வாத்து எப்படிச் சுதந்திரமாக வாழும் என்று தெரியவில்லை. யாரும் பிடிக்க முடியாது, அந்த மட்டுக்கும் நல்லது. எல்லம்மாக்கா இரை வைக்கிறேன் என்றிருக்கிறாள். நானும் மாதம் ஒருமுறை வந்து பாடிவிட்டுப் போகலாம். இதை ஆமோஸிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 24

ஏரியின் அந்தக் கரையில் ஒருவன் ஆயிரம் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வந்து மேயவிட்டிருந்தான். மூன்று நாளாக அவை செத்து விழுகின்றனவாம். கழுத்து திருகிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து விழுகின்றன என்று எல்லம்மாக்கா சொன்னாள். பரிசோதனைக்கு மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

நம்முடையவை நன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கண் தெளிவாக இருக்கிறது, மூக்கில் ஒன்றுமில்லை, நன்றாகத் தின்கின்றன.

ஜனவரி 27

பறவைக் காய்ச்சல்தான்.

கால்நடை டாக்டர் ஹசீனா வந்திருந்தார். சின்னப் பெண், சரியாகத் தூங்காத முகம். ரோட்டில் நின்று பொறுமையாக விளக்கினார். செத்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போடுவார்கள். அதற்குள் இருக்கிற கோழி, வாத்து எல்லாவற்றையும் கொன்று புதைத்துவிட வேண்டும். எங்கள் மில் வட்டத்துக்குள் இருக்கிறது.

இவற்றுக்கு ஒரு நோயும் இல்லை, வந்து பாருங்கள் என்றேன்.

"இருக்கா இல்லையான்னு பார்க்கிறதில்ல மேடம். வட்டத்துக்குள்ள இருந்தா அவ்வளவுதான்."

மகிழ்நன் யார் யாருக்கோ போன் போட்டார். இது வளர்ப்புப் பறவை இல்லை, கலைப்படைப்பு என்று தாலுகா ஆபீஸில் இருந்து வந்தவரிடம் அரை மணி நேரம் பேசினார். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அது சரிங்க சார், வாத்துதானே?" என்றார்.

சாயங்காலமே வாத்துகளை ஏரிக்குள் அனுப்பிவிட்டேன். ஆண்கள் நாலு பேரை நிறுத்திப் பாடச் சொன்னேன். ஓடிப்போயின. நானாகக் கூப்பிடாமல் வராது.

ஜனவரி 29

இரண்டு நாளாகக் கால்நடைத் துறையின் வெள்ளை உடுப்புக்காரர்கள் ஏரியில் திண்டாடுகிறார்கள். ஆள் சத்தம் கேட்டால் போதும், வாத்துகள் கோரைக்குள் போய்விடுகின்றன. சத்தமில்லாமல் போனாலும் துடுப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொள்கின்றன. நான் மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மதியம் டாக்டர் ஹசீனா மாடிக்கே வந்தார். ஏரியில் நாரைகள், கூழைக்கடாக்கள் எல்லாம் குளிர்காலத்துக்கு வந்து கிடக்கின்றன. நம் வாத்துகள் அவற்றோடு கலந்து திரிந்தால் நோய் ஊர் ஊராகப் போகும் என்றார். சுற்றி இருக்கிற கிராமங்களில் யாரும் மாதக்கணக்கில் ஒரு குஞ்சுகூட வளர்க்க முடியாது என்றார். எல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் கூப்பிட்டால் வருமாமே என்று கேட்டார்.

முடியாது என்றேன்.

"நான் இந்த வேலைக்குன்னு படிக்கல மேடம்," என்றார்.

ஜனவரி 30

எல்லம்மாக்காவின் கோழிகளை நேற்று எடுத்துப் போய்விட்டார்கள். கூண்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன், இல்லை.

"நானே புடிச்சி குட்த்தேன் பாட்டம்மா. அவுங்க புடிச்சா ரெக்கய முறிப்பாங்க. எங் கைன்னா கத்தாதுங்க."

ஒன்றுகூடக் கத்தவில்லையாம். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 31

வீடு. துணி துவைத்தேன். ஃபிரிட்ஜைக் கழுவினேன். ஆமோஸ் டீ போட்டுக் கொடுத்தார், எதுவும் கேட்கவில்லை. இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான், இன்று அதுவும் எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் மகிழ்நன் பேசினார். அழுதார். ஜெர்மனியில் நல்ல முட்டையாக வாங்கிவிடலாம், நீங்கள் மனதைத் தளரவிடாதீர்கள் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஹசீனா. மீன் பிடிக்கிற ஆட்கள் இன்று பெரிய வலையோடு வந்தார்களாம். கோரையை வளைத்து, கம்பால் அடித்து விரட்டியிருக்கிறார்கள். மூன்று மாட்டிக்கொண்டன. ஒன்றுக்குக் கால் வலையில் சிக்கி இழுபட்டு, கரைக்கு வருவதற்குள் பிய்ந்துவிட்டது. அது வாலில் மண் நிறம் உள்ளதா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். நாளை மறுநாளும் அதே ஆட்கள் வருவார்கள் என்றும், எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்வதாகவும் சொன்னார்.

ஆமோஸிடம் சொன்னேன். அவர் என் பெட்டியில் ஒரு சேலையும் துண்டும் மடித்துவைத்தார்.

"நானும் வாரேன் சீலி. வாயத் தொறக்க மாட்டேன்."

பிப்ரவரி 1

மில்லுக்குத் திரும்பிவிட்டோம். டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் பாட்டு முடியும்வரை எந்த வாத்தையும் தொடக் கூடாது. எவ்வளவு நேரப் பாட்டு என்று கேட்டார். நாலு வரி என்றேன். சரி என்றார்.

பிப்ரவரி 2

எழுதிவிட வேண்டும். எழுதாமல் தூங்க முடியாது.

விடிந்ததும் வெள்ளை உடுப்புக்காரர்களை மில்லுக்குள் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். சாக்குகளும் அங்கேதான். ஆமோஸ் ரோட்டிலேயே நின்றுகொண்டார். எனக்கும் வெள்ளை உடுப்பு, கையுறை, முகமூடி கொடுத்தார்கள். முகமூடியோடு பாட முடியாது, கழற்றிவிட்டேன். டாக்டர் தடுக்கவில்லை.

களத்தின் ஓரத்துக்குப் போனேன். ஏரியில் பனி படர்ந்திருந்தது. முதலில் சொல் இல்லாமல் வெறும் மெட்டை மட்டும் பாடினேன். அது நேற்றே முடிவு செய்தது. சொல் இல்லாவிட்டால் பொய் இல்லை. கோரை அசைந்தது. தலைகள் தெரிந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

சரி, சொல்லோடு பாடினேன். எனக்குத் தெரிந்த விதத்தில், இருபது வருஷமாகப் பாடிய விதத்தில். மெட்டு சுத்தம், சொல் தெளிவு, மனசு வெளியே. யாருடைய பாட்டோ, யாரோ வந்து உணர்ச்சியைப் போட்டுக்கொள்வார்கள். அவை பாதித் தூரம் வந்தன. வந்து, அங்கேயே வட்டமடித்தன. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தன. பக்கத்தில் வரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

கதவுக்குப் பின்னால் யாரோ இருமலை அடக்குவது கேட்டது. இன்னொரு முறை இருமினால் அவை போய்விடும். பிறகு வலைதான், கம்புதான்.

மூன்றாவது முறை பாடினேன். எப்படிப் பாடினேன் என்று எழுதத் தெரியவில்லை. அந்த நாலு வரியும் நிஜம் என்று நம்பிப் பாடினேன். என் கையில் ஒன்றுமில்லை என்று பாடும்போது உண்மையிலேயே ஒன்றுமில்லை என்று நினைத்தேன். இனி உன்னைக் கொல்வதில்லை என்று மனதார அவற்றுக்குச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரு பாட்டை அப்படிப் பாடியது அதுதான்.

வந்தன. வரிசையாக வந்து, கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தன. பாடிக்கொண்டே மில் முற்றத்துக்குள் போனேன். எல்லாம் உள்ளே வந்ததும் டாக்டர் கேட்டைச் சாத்தினார். சத்தம் வராமல்தான் சாத்தினார்.

நாலாவது வரிக்கு வந்திருந்தேன். நிறுத்தவில்லை. மறுபடி முதல் வரியைத் தொடங்கினேன். பாட்டு முடியும்வரை தொடக் கூடாது என்றுதானே பேச்சு. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சுவரோரம் நின்றார்.

திரும்பத் திரும்பப் பாடினேன். வெயில் முற்றத்துக்குள் வந்தது. வாத்துகள் என் காலைச் சுற்றி ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. சில, அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கின. குஞ்சாக இருந்தபோதிலிருந்து அவை தூங்குவது இந்தப் பாட்டில்தான். என் குரல் கம்மிக் கம்மிப் போனது, பிறகு வெறும் காற்றாக வந்தது, அப்போதும் அவை எழுந்திருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றவர்கள் கால் வலித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

போதும் மேடம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் சொல்லியிருந்தாலும் போதும், சாகும்வரை அந்த ஆளைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவது வரியை இன்னொரு முறை பாடி, நானாகத்தான் நிறுத்தினேன்.